தெளிந்த எண்ணெய், தென்படாத துகள்



சென்னைக்கு வடக்கே மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் என்றொரு ஆலை இருக்கிறது. அங்கே தயாராகும் முக்கியப் பொருள் லீனியர் ஆல்கைல் பென்சீன். சுருக்கமாக எல்ஏபி. நிறமில்லாத எண்ணெய். சலவைத்தூள் தயாரிப்பவர்கள் இதை வாங்கிப் போய், சல்ஃபோனேற்றம் செய்து, நுரையும் அழுக்கு நீக்கும் தன்மையும் தரும் மூலப்பொருளாக மாற்றுகிறார்கள். நம் வீட்டுக் குளியலறை அலமாரியில் இருக்கும் பாக்கெட்டில் அநேகமாக இதன் வாரிசு ஒன்று இருக்கும்.

இதே வகை எண்ணெயில் 20,000 டன்னை, சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில், பூமிக்கடியில் 700 மீட்டர் ஆழத்தில், 35.4 மீட்டர் விட்டமுள்ள அக்ரிலிக் கோளம் ஒன்றில் நிரப்பி வைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றி 17,612 பெரிய ஒளிப்பெருக்கிக் குழாய்களும் 25,600 சிறிய குழாய்களும் இருட்டில் உட்கார்ந்து எண்ணெயையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஜூனோ என்பது அந்தக் கருவியின் பெயர். 2025 ஆகஸ்ட் 26 முதல் அது தரவுகளைச் சேகரித்து வருகிறது. அது தேடுவது நியூட்ரினோவை.

நியூட்ரினோவின் கதையைச் சொல்பவர்கள் கோட்பாடுகளையும் நோபல் பரிசுகளையும் சுற்றியே பேசுவது வழக்கம். இன்றைய பேச்சு அந்த எண்ணெயைப் பற்றியது. இந்தத் துறையின் பெரிய பரிசோதனைகள் பலவற்றில், தொட்டிக்குள் இருந்த திரவம் எவ்வளவு தெளிவாக இருந்தது, எவ்வளவு சுத்தமாக இருந்தது, எத்தனை வருடம் கெடாமல் நின்றது என்பதுதான் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது. அந்த வேலையைச் செய்த வேதியியலாளர்களின் பெயர்கள் பாடப்புத்தகத்தில் வருவதில்லை.

முதலில் சிக்கல் என்ன என்று பார்த்துவிடலாம். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களில் நொடிக்குச் சுமார் 6,500 கோடி, உங்கள் கட்டைவிரல் நகத்தளவு இடத்தைக் கடந்து போகின்றன. பகலில் தலைவழியாக, இரவில் பூமியைத் துளைத்துக்கொண்டு காலடிவழியாக. எதையும் தொடாமல் போய்விடுகின்றன. 1930 டிசம்பரில் வோல்ஃப்காங் பவுலி, பீட்டா சிதைவில் இடித்த ஆற்றல் கணக்கைச் சரிக்கட்ட இப்படியொரு துகளை முன்மொழிந்தார். 1934-ல் ஹான்ஸ் பெத்தேயும் ருடால்ஃப் பையர்ல்ஸும் கணக்குப் போட்டுப் பார்த்து, இதை நடைமுறையில் பிடிக்க வழியே இல்லை என்று எழுதினார்கள். அவர்கள் போட்ட கணக்கில் பிழை இல்லை. ஆனால் அப்போது அணு உலையும் கிடையாது, ஒளிர்திரவமும் கிடையாது.

ஒரு நியூட்ரினோ ஓர் அணுவோடு மோதும் வாய்ப்பு அற்பம் என்றால், செய்யக்கூடியது இரண்டே. நியூட்ரினோக்கள் மிக அதிகமாக வரும் இடத்துக்குப் போக வேண்டும். அவற்றின் பாதையில் ஏராளமான அணுக்களை வைக்க வேண்டும். அந்த அணுக்கூட்டமே மோதலைக் காட்டும் கருவியாகவும் இருந்துவிட்டால் நல்லது. மின்னும் படிகங்கள் அந்தக் காலத்திலேயே இருந்தன. ஆனால் படிகத்தை டன் கணக்கில் வளர்க்க முடியாது. 1950 வாக்கில், சில கரிமத் திரவங்களில் சிறிதளவு சாயப்பொருளைக் கரைத்தால் கதிரியக்கம் படும்போது அவையும் மின்னுகின்றன என்று தெரியவந்தது. இதுதான் ஒளிர்திரவம். திரவம் என்றால் எவ்வளவு பெரிய தொட்டியிலும் ஊற்றலாம். அழுக்குப் பட்டால் வடிகட்டலாம். வேண்டிய தனிமத்தை அதில் கலக்கலாம். விலையும் குறைவு.

இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டவர்கள் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆயுத ஆய்வகத்தில் இருந்த ஃபிரெடரிக் ரைன்ஸ், கிளைட் கோவன் என்ற இரண்டு பேர். அவர்களின் முதல் திட்டத்தை இன்று கேட்டால் சிரிப்பு வரும். 20 கிலோ டன் அணுகுண்டு வெடிக்கும் கோபுரத்திலிருந்து 40 மீட்டர் தூரத்தில் ஒரு கிணறு தோண்டுவது. அதன் காற்றை உறிஞ்சிவிட்டு, குண்டு வெடிக்கும் அதே கணத்தில் ஒளிர்திரவத் தொட்டியைக் கிணற்றுக்குள் விழ விடுவது. விழுந்துகொண்டிருக்கும் பொருளுக்கு நில அதிர்ச்சி தெரியாதல்லவா? கீழே இறகுகளையும் ரப்பர் நுரையையும் குவித்து, அதன்மேல் தொட்டி மெத்தென்று விழ வேண்டும். கதிரியக்கம் தணிந்த சில நாள் கழித்துத் தோண்டி எடுத்து, என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்ப்பது. ஆய்வக இயக்குநர் நாரிஸ் பிராட்பரி இதற்கு அனுமதியும் கொடுத்துவிட்டார்!

1952-ல் அவர்களுக்கு வேறொரு யோசனை வந்தது. அணு உலையிலிருந்து வரும் எதிர் நியூட்ரினோ ஒரு புரோட்டானில் மோதினால் பாசிட்ரானும் நியூட்ரானும் பிறக்கும். பாசிட்ரான் உடனே ஓர் எலக்ட்ரானோடு சேர்ந்து அழிந்து ஒளியைத் தரும். நியூட்ரான் அங்கும் இங்கும் முட்டி வேகம் இழந்து, மைக்ரோ நொடிக் கணக்கில் தாமதித்து, ஏதோவோர் அணுக்கருவில் சிக்கி இரண்டாவது ஒளியைத் தரும். முதல் மின்னல், சிறு இடைவெளி, இரண்டாவது மின்னல். இந்தச் சோடியைத் தேடினால் போதும். தற்செயலாக வரும் மற்ற மின்னல்களில் மிகப் பெரும்பாலானவற்றை ஒதுக்கிவிடலாம். குண்டும் வேண்டாம், கிணறும் வேண்டாம், ஓர் அணு உலைக்குப் பக்கத்தில் சாவதானமாக உட்கார்ந்தால் போதும். இன்றுவரை அணு உலை நியூட்ரினோ பரிசோதனைகளில் பெரும்பாலானவை இந்த இரட்டை மின்னலை நம்பியே நடக்கின்றன.

1953-ல் ஹான்ஃபோர்டு அணு உலையருகே 300 லிட்டர் திரவத்தோடு செய்த முதல் முயற்சியில் அண்டக்கதிர்களின் இரைச்சல் எல்லாவற்றையும் மூழ்கடித்தது. பிறகு தென் கரோலினாவின் சவானா ரிவர் உலைக்குப் போனார்கள். உலையிலிருந்து 11 மீட்டர், தரைக்குக் கீழே 12 மீட்டர். 40 கிலோ காட்மியம் குளோரைடு கரைத்த 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் இரண்டு. அவற்றுக்கு மேலும் கீழும் நடுவிலுமாக, ஒவ்வொன்றிலும் 1,400 லிட்டர் ஒளிர்திரவமும் 110 ஒளிப்பெருக்கிக் குழாய்களும் கொண்ட தொட்டிகள் மூன்று. திரவத்தை டேங்கர் லாரியில் கொண்டுபோனபோது, குளிரில் அது கெட்டுவிடாமல் வழியெல்லாம் வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டியிருந்தது. கிடைத்த சமிக்ஞை மணிக்குச் சுமார் மூன்று.

அந்த மூன்றை நம்ப அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. உலையிலிருந்து கசியும் சாதாரண நியூட்ரான்கள்தான் ஏமாற்றுகின்றனவோ என்று சந்தேகம். மரத்தூள் மூட்டைகளைத் தண்ணீரில் நனைத்துக் கருவியைச் சுற்றி அடுக்கினார்கள். நியூட்ரானாக இருந்தால் எண்ணிக்கை குறைய வேண்டும், குறையவில்லை. தொட்டித் தண்ணீரில் ஒரு பகுதியைக் கனநீராக மாற்றினார்கள். இலக்குப் புரோட்டான் குறைந்தால் சமிக்ஞையும் குறைய வேண்டும், குறைந்தது. 1956 ஜூன் 14 அன்று பவுலிக்குத் தந்தி போயிற்று. ரைன்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1995-ல். கோவன் 1974-லேயே இறந்துவிட்டார்.

ரைன்ஸ் ஒளிர்திரவத்தை அதன்பிறகும் விடவில்லை. 1965-ல் ஜோகன்னஸ்பர்க் அருகே ஒரு தங்கச் சுரங்கத்தின் அடி ஆழத்தில் சுமார் 20 டன் திரவத்தை வைத்து, வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களைத் தேடினார். அதே சமயம் கோலார் தங்கவயலில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் டாட்டா ஆய்வு நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து தேடிக்கொண்டிருந்தன. வட ஆற்காடு பக்கத்திலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகத் தோண்டிய அந்தச் சுரங்கத்தில் கிடைத்த முடிவு 1965 ஆகஸ்ட் 15 தேதியிட்ட இதழில் அச்சேறியது. ரைன்ஸின் கட்டுரை இரண்டு வாரம் கழித்து. கோலாரில் இருந்தவை பிளாஸ்டிக் ஒளிர்பலகைகள் என்பதால் இன்றைய தலைப்புக்குள் அது முழுசாக வராது. ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

இனி, திரவம் எப்படி மின்னுகிறது என்று பார்ப்போம்.

டொலுயீன், சூடோக்யூமின், எல்ஏபி எல்லாவற்றுக்கும் பொதுவானது பென்சீன் வளையம். அதில் எந்த ஓர் அணுவுக்கும் தனியாகச் சொந்தமில்லாத எலக்ட்ரான்கள் வளையம் முழுவதும் பரவிக் கிடக்கின்றன. ஒரு மின்னேற்றத் துகள் ஊடுருவினால் அவை எளிதில் கிளர்ந்தெழுந்து, பிறகு தணியும்போது புற ஊதா ஒளியை விடும். இந்த ஒளியை அப்படியே விட்டால் அதே திரவத்தின் பக்கத்து மூலக்கூறு அதை விழுங்கிவிடும். அதனால் பிபிஓ என்ற தூளை லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் கரைக்கிறார்கள். கிளர்ந்த மூலக்கூறு தன் ஆற்றலை ஒளியாக விடுவதற்குள் பிபிஓவிடம் கைமாற்றிவிடுகிறது; பிபிஓ அதைச் சற்று நீண்ட அலைநீளத்தில் வெளியிடுகிறது. பெரிய தொட்டிகளுக்கு அதுவும் போதாது. பிஸ்-எம்எஸ்பி என்ற இன்னொரு பொருள் அந்த ஊதா ஒளியை வாங்கி, சுமார் 430 நானோமீட்டர் நீல ஒளியாக மாற்றுகிறது. அந்த நிறத்தில்தான் திரவம் மிகத் தெளிவு, ஒளிப்பெருக்கிக் குழாய்க்கும் அங்கேதான் கூர்மை அதிகம். ஜூனோவின் செய்முறை, லிட்டருக்கு 2.5 கிராம் பிபிஓ, 3 மில்லிகிராம் பிஸ்-எம்எஸ்பி. இந்த மூன்று மில்லிகிராம் இல்லையென்றால் 20,000 டன்னின் நடுவில் பிறந்த ஒளியில் பெரும்பகுதி ஓரம் வந்து சேராது.

ஒரு துகள் திரவத்தில் விடும் ஆற்றலில் ஒவ்வொரு பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் சுமார் 10,000 ஒளித்துகள் கிடைக்கும். ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே போன்ற தண்ணீர்க் கருவிகளில் கிடைப்பதைப் போலப் பல பத்து மடங்கு. அதனால் மிகக் குறைந்த ஆற்றலையும் அளக்கலாம். இதற்கு ஒரு விலை உண்டு. ஒளிர்திரவத்தில் ஒளி எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சிதறுவதால், துகள் எந்தப் பக்கமிருந்து வந்தது என்ற தகவல் ஏறக்குறைய தொலைந்துவிடுகிறது.

காட்மியத்தைப் போல நியூட்ரானைச் சட்டென்று பிடிக்கும் இன்னொரு தனிமம் கடோலினியம். பிடித்தவுடன் எண்பது லட்சம் எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு ஒளியைக் கொட்டும். வெறும் ஹைட்ரஜனில் சிக்கினால் 22 லட்சம்தான். அந்த அளவில் இயற்கைக் கதிரியக்கத்தின் இரைச்சல் வந்து கலந்துவிடும். ஆகவே கடோலினியத்தை எண்ணெயிலேயே கரைத்துவிட்டால் என்ன? உப்பை நல்லெண்ணெயில் போட்டுக் கலக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அடியில் போய் உட்காரும். கடோலினியமும் உலோக உப்பாகத்தான் கிடைக்கிறது.

1997-ல் பிரான்ஸின் ஆர்டென் மலைப்பகுதியில் ஷூ அணு உலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஒரு பரிசோதனை தொடங்கியது. கடோலினியம் நைட்ரேட்டை ஆல்கஹால் ஒன்றின் துணையோடு எண்ணெயில் கரைத்திருந்தார்கள். ஐந்து டன். முதலில் நன்றாகவே இருந்தது. பிறகு நைட்ரேட் தன் வேலையைக் காட்டியது. திரவம் மாதம்தோறும் மஞ்சளாகிக்கொண்டே வந்தது, ஒளி ஓரம் சேருவதும் குறைந்துகொண்டே வந்தது. நியூட்ரினோ பறக்கும் வழியில் ஒரு வகையிலிருந்து இன்னொன்றாக மாறும்; அந்த மாற்றத்தின் அளவைச் சொல்லும் மூன்று கலப்புக் கோணங்களில் ஒன்றை அளப்பதே அங்கே நோக்கம். ஒரு மேல்வரம்பை மட்டும் சொல்லிவிட்டு 1998-ல் அளவீட்டை முடித்துக்கொண்டார்கள். அந்தக் கோணத்துக்கு உலகம் மேலும் 14 ஆண்டுகள் காத்திருந்தது.

அந்த 14 ஆண்டுகளில் வேலை செய்தவர்கள் வேதியியலாளர்கள். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்திலும் பெய்ஜிங்கிலும், கடோலினியத்தை ஒரு நீண்ட கரிம அமிலத்தோடு பிணைத்து, எண்ணெய்க்குப் பிடிக்கும் போர்வை ஒன்றை அதற்குப் போர்த்தினார்கள். ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் வேறொரு மூலக்கூறைத் தேர்ந்தார்கள். இரண்டும் நின்றன. தென் சீனாவின் தயா பே அணு உலைகளருகே, எடையில் 0.1 சதவீதம் கடோலினியம் கலந்த எல்ஏபியில் தலா 20 டன் கொண்ட எட்டு உணர்கருவிகள் அமைந்தன. அங்கே ஒரு சின்ன ஏற்பாடு செய்தார்கள். உலைக்குப் பக்கத்தில் உள்ள கருவியையும் தூரத்தில் உள்ள கருவியையும் ஒப்பிடுவதுதான் பரிசோதனை என்பதால், இரண்டிலும் திரவம் துளியும் வேறுபடக் கூடாது. தயாரித்த திரவத்தை ஐந்து 40 டன் தொட்டிகளில் சேமித்து, ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் நான்கு நான்கு டன்னாக எடுத்து ஊற்றினார்கள். எந்தத் தொட்டியில் என்ன குறை இருந்தாலும் எல்லாக் கருவிக்கும் அது சமமாகப் போய்ச் சேரும். 2012 மார்ச் 8 அன்று, வெறும் 55 நாள் தரவோடு, அந்தக் கோணத்தை அறிவித்தார்கள். கருவிகள் 2020 டிசம்பர் வரை ஓடின.

இடையே ஜப்பானின் காமியோகா சுரங்கத்தில் 1,000 டன் திரவத்தோடு காம்லேண்ட் வந்தது. சராசரியாக 180 கிலோமீட்டர் தொலைவில் சிதறிக் கிடந்த ஜப்பானிய அணு உலைகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் 87 நிகழ்வுகள் வர வேண்டிய இடத்தில் 54 மட்டுமே வந்ததாக 2002 டிசம்பரில் அது சொன்னது. காணாமல் போனவை வழியில் வகை மாறியிருந்தன. 2005-ல் பூமியின் உள்ளே யுரேனியமும் தோரியமும் சிதையும்போது வரும் நியூட்ரினோக்களையும் அதே கருவி முதன்முதலாகக் காட்டியது. பின்னர் செனான் நிரப்பிய ஒரு சிறு பலூனை அதன் நடுவே இறக்கியபோது, எதிர்பாராத கதிரியக்க வெள்ளி ஒன்று தரவில் தலைகாட்டியது. பலூனைச் செய்தது செண்டாய் நகரில், காலம் 2011. ஃபுகுஷிமா விபத்தின் தூசியாக இருக்கலாம் என்ற சந்தேகம் இயல்பாகவே எழுந்தது.

சுத்தம் என்ற பேச்சு வந்துவிட்டதால் இத்தாலிக்குப் போகாமல் இருக்க முடியாது.

ரோம் நகருக்குக் கிழக்கே கிரான் சாசோ மலை. நெடுஞ்சாலைச் சுரங்கப்பாதையின் பக்கவாட்டில், 1,400 மீட்டர் பாறைக்கடியில் ஆய்வகம். அங்கே போரெக்சினோ என்ற கருவி 2007 மே முதல் 2021 அக்டோபர் வரை சூரியனைக் கவனித்தது. 278 டன் சூடோக்யூமின், ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு தடிமன் கொண்ட நைலான் பைக்குள். இந்தத் திட்டத்தின் விதையைப் போட்டவர்களில் ஒருவர் ராஜு ராகவன். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றியவர். இண்டியம் கொண்டு சூரிய நியூட்ரினோவைப் பிடிக்கலாம் என்று 1976-லேயே எழுதியவர். நம்மூரில் அவரை அறிந்தவர்கள் குறைவு.

சூரிய நியூட்ரினோ எலக்ட்ரானை இடித்துவிட்டுப் போய்விடும். இரட்டை மின்னல் கிடையாது, ஒரே ஒரு மின்னல்தான். திரவத்திலுள்ள எந்தக் கதிரியக்க அணு சிதைந்தாலும் அதுவும் ஒரு மின்னல்தான். இரண்டையும் பிரித்தறிய வழியில்லை என்றால், கதிரியக்க அணுவே இல்லாத திரவம் வேண்டும். 100 டன் திரவத்தில் பெரிலியம் வகைச் சூரிய நியூட்ரினோ தருவது ஒரு நாளைக்குச் சுமார் 48 மின்னல். போரெக்சினோ வைத்துக்கொண்ட இலக்கு, ஆயிரம் கோடி டன் திரவத்தில் ஒரு கிராமுக்கு மேல் யுரேனியம் இருக்கக் கூடாது என்பது. கடைசியில் அவர்கள் அடைந்தது அதைவிட நூறு மடங்கு சுத்தம். பாட்டிலில் விற்கும் குடிநீரோடு ஒப்பிட்டால் நூறு கோடி மடங்குக்கும் மேல்.

இதை எப்படிச் செய்தார்கள் என்பதில் ஒவ்வொரு படியும் கவனிக்கத்தக்கது. சூடோக்யூமின் பெட்ரோலியத்திலிருந்து வர வேண்டும், தாவரத்திலிருந்து எடுத்த எதுவும் கூடாது. உயிருள்ளவற்றில் கார்பன்-14 இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த எண்ணெயில் அது சிதைந்து தீர்ந்திருக்கும். அப்படியும் எஞ்சிய துளியளவு கார்பன்-14, 100 டன்னில் நொடிக்குப் பல பத்து மின்னல்களைத் தந்து, மிகக் குறைந்த ஆற்றல் பகுதியை முழுக்க மறைத்தது. சார்டீனியா தீவு ஆலையில் தயாரான திரவத்தை அவசரமாகக் கப்பலேற்றி மலைக்கடியில் கொண்டு சேர்த்தார்கள். வெட்டவெளியில் நிற்கும் ஒவ்வொரு நாளும் அண்டக்கதிர்கள் அதில் புதிய கதிரியக்கத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கும். பிறகு காய்ச்சி வடித்தல், தண்ணீரால் கழுவுதல், நைட்ரஜன் குமிழ்களால் வாயுக்களை வெளியேற்றுதல். அந்த நைட்ரஜனும் சாதாரண நைட்ரஜன் அல்ல. ஆர்கானும் கிரிப்டானும் நீக்கப்பட்டது. அணு எரிபொருள் மறுசுழற்சி ஆலைகள் விட்ட கிரிப்டான்-85 இன்று உலகின் காற்று முழுதும் கலந்திருக்கிறது. நைலான் பையை பிரின்ஸ்டனில் ரேடான் நீக்கிய காற்று ஓடும் அறையில் ஒட்டினார்கள்.

பலன் கிடைத்தது. பெரிலியம் நியூட்ரினோ 2007-ல். சூரியனின் அடிப்படை வினையான இரண்டு புரோட்டான்களின் இணைவில் பிறக்கும் நியூட்ரினோ 2014-ல். எஞ்சியிருந்தது கார்பன், நைட்ரஜன், ஆக்ஸிஜன் வழியாக நடக்கும் சுழற்சி. சூரிய ஆற்றலில் சுமார் ஒரு சதவீதம் மட்டுமே தருவது. அதன் சமிக்ஞை பிஸ்மத்-210 சிதைவோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். பிஸ்மத் எவ்வளவு என்பதை அதன் வாரிசான பொலோனியத்தை எண்ணி அறியலாம். ஆனால் நைலான் பையிலிருந்தும் பொலோனியம் கசிந்து, திரவத்தின் மெல்லிய வெப்ப ஓட்டத்தில் நடுப்பகுதிக்கு வந்து கணக்கைக் கெடுத்தது. திரவம் அசையக் கூடாது. அதற்காக 2015 வாக்கில் அந்தப் பிரம்மாண்டத் தொட்டிக்கு 20 சென்டிமீட்டர் தடிமனில் கனிமக் கம்பளி போர்த்தினார்கள். பிறகு வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடும் வந்தது. எண்ணெய் அடங்கியது. 2020-ல் அந்தச் சுழற்சியின் நியூட்ரினோ முதன்முறையாக அறிவிக்கப்பட்டது. சூரியனின் மையத்தைப் பற்றிய ஒரு முடிவு, தொட்டியைக் கம்பளியால் சுற்றியதால் கிடைத்தது.

இதே கருவியின் வரலாற்றில் ஒரு கசப்பும் உண்டு. 2002 ஆகஸ்டில், கருவி நிரம்புவதற்கு முன்பே, சுமார் 50 லிட்டர் சூடோக்யூமின் வடிகால் வழியாகப் பக்கத்து ஓடையில் கலந்தது. கிரான் சாசோ மலைக்குள் இருப்பது அப்ருட்சோ பகுதியின் லட்சக்கணக்கான மக்களுக்குக் குடிநீர் தரும் நிலத்தடி நீர்த்தேக்கம். மக்கள் கொதித்தார்கள், நீதிமன்றம் தலையிட்டது, கூடம் மூடப்பட்டது, திட்டம் சில ஆண்டுகள் பின்தங்கியது. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகம் இங்கே பலருக்கும் நினைவுக்கு வரும். அது இரும்புத் தகடுகளும் வாயு உணர்கருவிகளும் கொண்ட திட்டம். ஒளிர்திரவம் அதில் இல்லை. 2022-ல் தமிழ்நாடு அரசு அதை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் மலைக்குக் கீழே ஆய்வகம் கட்டுகிறவர்களிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்பது அறியாமை என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு கிரான் சாசோ ஒரு சாட்சி. அங்கே கேட்டவர்கள் சரியாகத்தான் கேட்டார்கள்.

சூடோக்யூமின் 48 டிகிரி வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். நெடி கடுமை. அக்ரிலிக்கையும் அரிக்கும். கடைசிக் காரணம்தான் கனடாவின் சட்பரியில் ஒரு திருப்பத்தை உண்டாக்கியது. அங்கே சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், முன்பு கனநீர் நிரப்பியிருந்த 12 மீட்டர் அக்ரிலிக் கோளம் காலியாக இருந்தது. அதில் ஊற்றத்தக்க ஒளிர்திரவத்தைத் தேடிய குயின்ஸ் பல்கலைக்கழகக் குழுவினர் எல்ஏபியைக் கண்டெடுத்தார்கள். அக்ரிலிக்கைத் தொடாது, நெடி இல்லை, தீப்பற்ற 130 டிகிரிக்கு மேல் வேண்டும், கியூபெக்கில் ஓர் ஆலை டன் கணக்கில் தயாரிக்கிறது. சலவைத்தூளுக்காக வளர்ந்த தொழில் ஏற்கெனவே அதை ஓரளவு சுத்தமாகவும் மலிவாகவும் ஆக்கி வைத்திருந்தது. ஒரே ஒரு சங்கடம். கனநீர் இருந்தபோது கோளம் சுற்றியிருந்த தண்ணீரில் மூழ்கப் பார்க்கும். மேலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எண்ணெய் தண்ணீரைவிட லேசு. இப்போது அதே கோளம் மிதக்கப் பார்க்கும். மேலே வலை போலக் கயிறு போர்த்திச் சுரங்கத் தரையோடு இழுத்துக் கட்டினார்கள். 780 டன் நிரப்ப வேண்டியதில் பாதி ஆனபோது கொரோனா வந்து நிறுத்தியது. 2021-ல் முடித்தார்கள். இப்போது அதன் இலக்கு, டெல்லூரியத்தை எல்ஏபியில் கரைத்து, நியூட்ரினோவே இல்லாத இரட்டை பீட்டா சிதைவைத் தேடுவது.

ஜூனோ இந்தப் பாடங்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்த பிள்ளை. நியூட்ரினோக்களின் மூன்று நிறைகளில் எது கனமானது, எது லேசானது என்ற வரிசையை அறிய, 53 கிலோமீட்டர் தொலைவிலுள்ள யாங்ஜியாங், தாய்ஷான் அணு உலைகளின் ஆற்றல் நிரலில் மிக நுண்ணிய அலைவுகளைப் படிக்க வேண்டும். அதற்குப் பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டில் மூன்று சதவீதத் துல்லியம் தேவை. அவ்வளவு துல்லியத்துக்கு அவ்வளவு ஒளி. ஒளி அவ்வளவும் வந்து சேர 20 மீட்டருக்கும் மேல் தெளிவு. எண்ணெயை அலுமினாத் தூளில் வடிகட்டி, காய்ச்சி வடித்து, பிபிஓ கலந்து, தண்ணீரால் கழுவி, வாயு நீக்கி, அனுப்பும் வழியில் 20 டன் சோதனைத் தொட்டி ஒன்றில் நிறுத்திக் கதிரியக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். நிரப்பிய முறையும் எளிதல்ல. முதலில் கோளத்தின் உள்ளும் புறமும் தண்ணீர். பிறகு மேலிருந்து எண்ணெயை விட்டு, அடியிலிருந்து தண்ணீரை எடுத்தார்கள். 12 சென்டிமீட்டர் தடிமனுள்ள அக்ரிலிக் சுவரில் எந்தப் பக்கமும் அழுத்தம் மிகாமல் பல மாதம் நடந்தது இந்த வேலை. 2025 நவம்பரில், 59 நாள் தரவை வைத்தே, இரண்டு அலைவு அளவுகளை முந்தைய எல்லாப் பரிசோதனைகளையும்விட ஒன்றரை மடங்குக்கு மேல் துல்லியமாகச் சொன்னார்கள். நிறை வரிசைக்கு இன்னும் சில ஆண்டுகள் பிடிக்கும்.

இதற்கு மேல் தொட்டியைப் பெரிதாக்கிக்கொண்டே போக முடியுமா? செலவும் தெளிவும் ஓர் எல்லை போடுகின்றன. அதனால் இரண்டு வேறு பாதைகளில் முயற்சி நடக்கிறது. ஒன்று, தண்ணீரிலேயே ஒரு பங்கு ஒளிர்திரவத்தை நுண்துளிகளாகக் கலந்துவிடுவது. புரூக்ஹேவனில் பிறந்த யோசனை. தண்ணீரின் விலையும் தெளிவும் கிடைக்கும், துகளின் திசையும் ஓரளவு தெரியும், குறைந்த ஆற்றலும் தெரியும். ஒளிர்திரவத்தின் சற்றுத் தாமதமான, எல்லாத் திசை ஒளியையும், துகள் தண்ணீரில் விரையும்போது முன்னோக்கிப் பாயும் செரன்கோவ் ஒளியையும் நேர வேறுபாட்டைக் கொண்டு பிரித்தெடுக்க, நானோ நொடியினும் வேகமான உணரிகள் வேண்டும்.

இன்னொன்று நேர் எதிர். லிக்விட்-ஓ என்ற பன்னாட்டுக் குழுவினர் தெளிவே வேண்டாம் என்கிறார்கள். ஒளிர்திரவத்தில் மெழுகைக் கலந்து, ஒளி சில மில்லிமீட்டர் போவதற்குள் சிதறும்படி வேண்டுமென்றே மங்கலாக்குகிறார்கள். பிறந்த இடத்திலேயே ஒளி சிறைப்படுகிறது. திரவத்துக்குள் நெருக்கமாக ஓடும் ஒளியிழைகள் அதை அங்கேயே வாங்கிக்கொண்டு போகின்றன. இதனால் மோதலின் வடிவம் ஒரு படமாகக் கிடைக்கும். பாசிட்ரான் ஒரு மாதிரிப் படம் தரும், எலக்ட்ரான் வேறு மாதிரிப் படம் தரும். இரண்டையும் பார்த்தே பிரிக்கலாம். தெளிவு தேவையில்லை என்றால், இதுவரை கரைக்கத் தயங்கிய தனிமங்களையும் தாராளமாகக் கரைக்கலாம். ராகவனின் இண்டியம்கூட அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2021-ல் சிறிய மாதிரி ஒன்றில் ஒளி அடைபடுவதைக் காட்டிவிட்டார்கள். அடுத்து, அதே ஷூ அணுமின் நிலையத்தில் பல டன் எடையுள்ள கருவியொன்றை உலைக்குப் பக்கத்திலேயே நிறுவும் திட்டம் நடக்கிறது. டன்னுக்கு எத்தனை இழை, ஒவ்வோர் இழைக்கும் என்ன செலவு, மெழுகு கலந்த திரவம் எத்தனை ஆண்டு பிரியாமல் நிற்கும் என்பவைதான் இப்போது அவர்கள் மேசைமேல் இருக்கும் கேள்விகள்.